காப்பும் ஈடும்

இன்சூரன்ஸ் என்னும் சொல்லுக்கு நம்மவர் ‘காப்பீடு’ என்று தமிழ் செய்துகொண்டனர். பொருத்தமான சொல்தான். காப்பு ஒன்று, ஈடு ஒன்று; இரண்டும் இணைந்து ஒரு சொல்லாயின. காப்பு என்பது தீங்கு வருமுன் விழித்து நிற்பது. ஈடு என்பது தீங்கு வந்துபோன பின் கையில் கொடுக்கப்படுவது. பணம் கட்டிப் பாலிசிப் பத்திரம் வாங்குகிறவர் இவ்விரண்டையும் சேர்த்தே வாங்கிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார். உண்மையில் அவர் கைக்கு வருவது ஈடு மட்டுமே. அதுவும் நிபந்தனைகளுக்கு உட்பட்டது. காப்பை எந்த நிறுவனமும் விற்பதில்லை. இந்த வேறுபாட்டை ஒரு குடும்பம் பெருந்துன்பத்தின் வழியாக அறிந்துகொண்டதை அருகிலிருந்து கண்டவன் நான். அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது பயன்தரும் என்று நம்புகிறேன்.

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் மழைக்கு ஏங்கும் சீமை. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பாதியளவு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். குண்டாற்றில் மணலைப் பார்க்கும் நாள்களே மிகுதி. இத்தகைய ஊரில் வாழ்கிறவரிடம், “தண்ணீரால் உங்கள் வீட்டுக்கு ஆபத்து உண்டு” என்றால் சிரிப்பார். ஆனால் கரிசல் மண்ணில் வீடு கட்டியவர் எவரும் சிரிக்கமாட்டார். கரிசல் மண்ணில் மான்ட்மொரிலோனைட் என்னும் ஒருவகைக் களிமண் மிகுந்துள்ளது. அது நீரைக் குடித்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கி, கால் நுழையுமளவு வெடித்துக் கிடக்கும். மேலே நிற்கும் சுவரை இந்த மண் ஒவ்வோர் ஆண்டும் ஒருமுறை தூக்கி, ஒருமுறை இறக்குகிறது. அதனால்தான் நம் பெரியோர் சுக்கான் பாறை தட்டுப்படும்வரை வானம் தோண்டி, மணலும் சரளையும் இட்டு அடித்தளம் அமைத்தனர். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மண்ணுக்கென்றே, அடிப்பகுதி குமிழ்போல் விரிந்த தூண் அடித்தளத்தை உருவாக்கித் தந்தது. இவை எதற்கும் வசதியில்லாதவர் வீட்டுச் சுவரில், கதவு நிலைக்கு மேலே சாய்வாக ஒரு விரிசல் ஓடிக்கொண்டிருப்பதை இன்றும் ஊர்தோறும் காணலாம்.

நான் சொல்லவந்த குடும்பம் திருச்சுழிக்குப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்தது. தந்தை பருத்தியும் உளுந்தும் விதைத்து வாழ்ந்த கரிசல் விவசாயி. மூத்த மகன் கனடா சென்று, டொராண்டோ நகரின் கிழக்கே ஸ்கார்பரோ பகுதியில் சொந்த வீடு வாங்கியிருந்தார். அங்குள்ள சரக்குக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர். வீட்டுக் கடனுக்குத் தவணை ஒரு பக்கம், வீட்டுக் காப்பீட்டுக்குப் பிரீமியம் ஒரு பக்கம். இரண்டையும் ஒருமாதமும் தவறாமல் கட்டிவந்தார். 2019-ஆம் ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில் தந்தை இறந்துபோனார். மனைவி, மக்களோடு அன்றிரவே விமானம் ஏறிய அவர், அடக்கத்துக்கு வந்து சேர்ந்தார். முப்பதாம் நாள் திருப்பலி முடியும்வரை தாயோடு தங்கினார். அந்த 34 நாள்களும் ஸ்கார்பரோ வீடு பூட்டிக் கிடந்தது.

அவர் திரும்பிச் சென்று கதவைத் திறந்தபோது, வீட்டுக்குள் மழை பெய்துகொண்டிருந்தது என்றே சொல்லலாம். வீட்டைச் சூடாக வைத்திருக்கும் எந்திரம் ஏதோ சிறு பழுதால் நின்றுபோயிருந்தது. வெளியே உறைநிலைக்குக் கீழே இருபது பாகை அளவுக்குக் குளிர். மாடிக் குளியலறைச் சுவருக்குள் ஓடிய குழாயில் நீர் உறைந்து, குழாய் வெடித்துவிட்டது. மேல்தளத்துக் கூரைப் பலகைகள் ஊறி விழுந்திருந்தன. மரத்தளம் உப்பி எழும்பியிருந்தது. நிலத்தடி அறையில் முழங்காலளவு நீர்.

குழாய் எவ்வாறு வெடிக்கிறது என்பதை வெப்பநாட்டில் வாழும் நாம் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்து இறுகும்போது சுருங்கும். நீரோ உறையும்போது விரியும். நூறு படி நீர் பனிக்கட்டியானால் ஏறத்தாழ நூற்றொன்பது படி இடத்தைக் கேட்கும். குழாயில் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைப்பு உண்டானால், அதற்கும் மூடிய குழாய்வாய்க்கும் இடையே சிக்கிய நீர் நெருக்கப்பட்டு, அழுத்தம் ஏறி, குழாய் பிளக்கிறது. பிளந்த அந்நேரம் ஒன்றும் தெரியாது. பனி உருகி நீர் ஓடத் தொடங்கும்போதுதான் வெள்ளம் வெளிப்படும். கரிசல் மண் நீரைக் குடித்து விரிந்து சுவரை உடைக்கிறது. குளிர்நாட்டில் நீரே விரிந்து குழாயை உடைக்கிறது. அடக்கிவைக்கப்பட்ட ஒன்று இடம் கேட்கும்போது வீடு தாங்குவதில்லை.

இது ஒரு குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்த விந்தை நிகழ்ச்சியன்று. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடுங்குளிர் இறங்கியது. பிப்ரவரி 15 அதிகாலை முதல் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் நிறுவனங்களிலும் மின்சாரம் நின்றது. வெம்மையான மாநிலமாதலால், பனிக்குப் போர்வையிடாத குழாய்கள் அங்கே மேற்கூரை அறைகள் வழியாக ஓடுகின்றன. மின்சாரம் நின்றதும் அவை வீடு வீடாக வெடித்தன. அரசுக் கணக்கின்படி 246 பேர் உயிரிழந்தனர். காப்பீட்டு நிறுவனங்களிடம் வந்த இழப்பீட்டுக் கோரிக்கைகள் ஏறத்தாழ 5 லட்சம். உலகின் செல்வமிகு நாடு ஒன்றில், ஓர் இரவில் வீட்டுச் சூடு நின்றதன் விளைவு இது.

நம் நண்பரின் கதைக்கு வருவோம். காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்தார். எல்லாவற்றையும் படம் எடுத்தார், அளந்தார், குறித்துக்கொண்டார். இறுதியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “நீங்கள் இல்லாத நாள்களில் நாள்தோறும் உள்ளே வந்து பார்த்தவர் யார்?”

அதற்கு அவரிடம் விடை இல்லை. சில வாரங்களில் கோரிக்கை மறுக்கப்பட்டது. தொலைபேசியில் என்னிடம் பேசியபோது அவர் குரல் உடைந்திருந்தது. “சாமி, அப்பா சாவுக்கு வந்ததுக்கு அபராதம் கட்டுற மாதிரி இருக்கு” என்றார்.

அந்தச் சொல் பல நாள் என்னை உறங்கவிடவில்லை. தந்தையை அடக்கம் செய்ய வந்த மகனுக்குத் தண்டனையா? பாலிசிப் பத்திரத்தைத் தொலைபேசி வழியே அவர் வரிவரியாகப் படிக்க, நான் கேட்டேன். நிபந்தனை தெளிவாகவே இருந்தது. கனடா நாட்டின் வீட்டுப் பாலிசிகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் நிபந்தனை அது. குளிர்காலத்தில் தொடர்ந்து நான்கு நாள்களுக்கு மேல் வீட்டார் வெளியே சென்றால், இரண்டில் ஒன்றைச் செய்திருக்க வேண்டும். தகுந்த ஒருவர் நாள்தோறும் உள்ளே சென்று சூடு நிற்காமல் இருக்கிறதா என்று பார்க்க ஏற்பாடு செய்திருக்க வேண்டும். அல்லது நீர் வரும் வாயிலை அடைத்துக் குழாய்களில் உள்ள நீரை முழுவதும் வடித்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையெனில், உறைந்த குழாயால் வரும் சேதத்துக்கு ஈடு இல்லை. நாள் கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறலாம், கருத்து ஒன்றே.

முதல் பார்வைக்கு இது ஈரமற்ற சட்டம் எனத் தோன்றும். துக்கத்தில் புறப்படுகிறவனுக்குச் சிற்றெழுத்து நிபந்தனைகள் நினைவில் இருக்குமா? இராது. அதனைப் பத்திரம் விற்றவர் முன்னரே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டாமா? கட்டாயம் வேண்டும். இந்தக் குறையை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் அந்த நிபந்தனையின் உட்பொருளை எண்ணிப் பார்க்கையில் வேறொன்றும் புலப்பட்டது. பல்லாயிரம் பேர் தம் பணத்தைப் பொதுவில் போட்டுவைத்திருக்கின்றனர். அந்தப் பணம் தடுக்க இயலாத இழப்புக்கு உதவ வேண்டுமேயன்றி, யாரேனும் ஒருவர் எட்டிப் பார்த்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய இழப்புக்குக் கரைந்துபோகக் கூடாது. ஆகவே அந்தப் பத்திரம், தனக்கே உரிய வறண்ட மொழியில் ஒன்றைக் கேட்கிறது: ‘உனக்கு ஓர் அயலார் உண்டா?’

காப்பீட்டின் தொடக்க வரலாறும் இதனையே காட்டுகிறது. 1666-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரம் எரிந்து சாம்பலான பின்னரே அங்கு வீடுகளுக்குத் தீக் காப்பீடு தோன்றியது. 1680-களில் நிக்கோலஸ் பார்பன் என்பவர் அதனை ஒரு தொழிலாக நடத்தினார். அக்கால நிறுவனங்கள் பணம் வாங்கியதோடு நின்றுவிடவில்லை. தீயணைக்கும் ஆள்களைத் தாமே அமர்த்திவைத்திருந்தன. காப்பீடு செய்த வீட்டுச் சுவரில் உலோக அடையாளம் ஒன்றையும் பதித்தன. அன்று ஈட்டோடு காப்பும் சேர்ந்து வந்தது. பின்னாளில் தீயணைப்பு அரசின் பணியாயிற்று; நிறுவனத்திடம் ஈடு மட்டும் தங்கியது. காப்பு மீண்டும் வீட்டாரிடமும் அயலாரிடமும் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்ததை நாம்தான் கவனிக்கவில்லை.

ஸ்கார்பரோவில் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். நண்பர் அந்த வீட்டில் நான்கு ஆண்டுகள் வாழ்ந்திருந்தும், பக்கத்து வீட்டு முதியவரோடு கையசைப்புக்கு மேல் பழக்கமில்லை. நீர் புகுந்த செய்தி அறிந்ததும் அம்முதியவர் தம் நீரிறைக்கும் எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று நாள் உடனிருந்து நீரை வெளியேற்றினார். இரண்டாம் நாள் அவர் சொன்னாராம்: “உங்கள் சன்னலின் உட்புறம் பனி படர்ந்திருந்ததை ஒருநாள் கண்டேன். என்னிடம் சாவி இருந்திருந்தால் உள்ளே வந்து பார்த்திருப்பேன்.” காப்பதற்கு ஓர் ஆள் இருந்தார், கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. சேமிப்பில் பெரும்பகுதியைச் செலவிட்டு வீட்டைச் சீராக்கிய நண்பர், முதல் வேலையாக அம்முதியவரிடம் ஒரு சாவியைக் கொடுத்தார். அவர் வீட்டுச் சாவி இவரிடம் இருக்கிறது.

இனி, அதே குடும்பத்தின் கரிசல் காட்டு வீட்டைப் பாருங்கள். 2021-ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு எங்கும் பெருமழை. தாயார் கண் அறுவைச் சிகிச்சைக்காக மதுரையில் மகள் வீட்டில் பதினொரு நாள் தங்கியிருந்தார். ஊரில் வீட்டுச் சாவி, எதிர்வீட்டுப் பெண்மணியிடம் இருந்தது. சமயத்தாலும் சாதியாலும் அவர் வேறு. ஆனால் இருவரும் ஒருவரையொருவர் ‘மதினி’ என்றே அழைத்துக்கொள்வர். மழை தொடங்கிய மூன்றாம் நாள் அப்பெண்மணி கதவைத் திறந்து பார்த்தபோது, மேற்குச் சுவரின் பழைய விரிசலில் விரல் நுழைந்தது. அடியில் நீர் தேங்கி நின்றது. உடனே தம் மக்களை அழைத்து, மண்வெட்டியால் வடிகால் வெட்டி நீரைத் திருப்பினார். தானியக் குலுக்கையிலிருந்த கம்பை மூட்டைகளாக்கித் தம் வீட்டுக்கு மாற்றினார். சுவரோரம் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துக் கொண்டுபோனார். அன்றிரவு இரண்டு மணியளவில் சுவர் விழுந்தது. உயிருக்கோ உடைமைக்கோ ஒரு கேடுமில்லை.

அவரைப் பாராட்டச் சென்றபோது, “இதுல என்ன சாமி இருக்கு? மதினி ஊருல இல்லையே, நாமதான பாக்கணும்” என்றார். அந்தத் ‘தான’ என்னும் அசைக்குள் எந்தப் பத்திரத்திலும் காணாத உறுதி இருந்தது.

ஆனால் கதையை இங்கே நிறுத்திவிட்டு, ‘நம் ஊரில் அன்பு உண்டு, காப்பீடு எதற்கு?’ என்று கேட்பது நேர்மையாகாது. சுவர் விழுந்துவிட்டது, எழுப்ப வேண்டுமே! அதற்குப் பணம் எங்கே? கிராம நிர்வாக அலுவலர் பார்த்துச் சென்ற பின் கிடைத்த அரசு உதவி, விழுந்த மண்ணை அள்ளும் கூலிக்கே சரியாயிற்று. ஏற்கெனவே இழப்பில் தளர்ந்திருந்த மகன் மீண்டும் கடன் வாங்கினார். கனடாவில் ஈடு பெறும் பத்திரம் இருந்தது, காப்பு இல்லை. கரிசலில் காப்பு இருந்தது, ஈடு இல்லை. ஒரே குடும்பம் இரு நாடுகளில், இரு வகையில் பாதியாய் நின்றது.

நம் விவசாயிகள் காப்பீட்டை அறியாதவர்கள் அல்லர். 2016-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், காரீப் உணவுப் பயிருக்கு 2 விழுக்காடு, ராபிப் பருவத்துக்கு ஒன்றரை விழுக்காடு என்று பிரீமியம் கட்டுவதற்கு, அடங்கல் சான்றோடு பொதுச் சேவை மையங்களில் அவர்கள் காத்து நிற்பதை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். மக்காச்சோளத்துக்குக் காப்பீடு செய்கிறவர், அதைக் குவித்து வைக்கும் வீட்டுக்குச் செய்வதில்லை. வங்கிக் கடனில் கட்டிய வீட்டுக்கு வங்கி வற்புறுத்துவதால் ஒரு பாலிசி இருக்கும். அது எந்தக் கோப்பில் இருக்கிறது என்பது வீட்டாருக்கே தெரியாது.

2021 ஏப்ரல் 1 முதல், ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொதுவான வீட்டுப் பாலிசியை, தீக் காப்பீடு நடத்தும் நிறுவனங்கள் யாவும் வழங்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதித்துள்ளது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றோடு, நீர்த்தொட்டியும் குழாயும் வெடித்தோ நிரம்பி வழிந்தோ வரும் சேதமும் அதில் அடங்கும். நிலத்தின் விலை கணக்கில் வராது. வீட்டை மீண்டும் கட்ட ஆகும் செலவே கணக்கு. வீட்டைக் காப்பீடு செய்தால், உள்ளிருக்கும் பொருள்களுக்கும் அத்தொகையில் 20 விழுக்காடு வரை, 10 லட்சம் ரூபாய்க்கு மிகாமல், தானாகவே காப்பீடு கிடைக்கும். ஆனால் இங்கும் எல்லைகள் உண்டு. மண் இறங்குவதால் சுவரில் இயல்பாக விழும் விரிசலும், குறையான கட்டுமானத்தால் வரும் கேடும் அதில் சேரா. கரிசல் மண் ஆண்டாண்டாக மெல்லச் செய்யும் வேலைக்கு எந்தப் பத்திரமும் ஈடு தராது. அதற்கு நல்ல அடித்தளமும், சுவரோரம் நீர் தேங்காமல் பார்க்கும் கண்ணுமே காப்பு. வீடுகளுக்கு நெடுங்காலம் வழங்கிய பழைய தீக் காப்பீட்டுப் பாலிசியிலோ இன்னொன்று இருந்தது: நிறுவனத்தின் ஒப்புதலை முன்னரே பெறாமல் 30 நாள்களுக்கு மேல் வீடு ஆளின்றிப் பூட்டிக் கிடந்தால், காப்பீடு செல்லாது. ஸ்கார்பரோவில் கேட்ட கேள்வியை நம் நாட்டுப் பத்திரமும் கேட்டிருக்கிறது!

ஆகவே பாலிசி எடுப்போர் விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்டு, விடையை எழுத்தில் பெறுவது நன்று. எவை சேரா? வீடு எத்தனை நாள் பூட்டிக் கிடக்கலாம்? சேதம் நேர்ந்தால் எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும்? கோரிக்கை மறுக்கப்பட்டால் மனமுடைந்து விட்டுவிட வேண்டியதில்லை. முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் தக்க விடை வரவில்லையெனில், அல்லது மறுப்பே வந்தால், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

இன்று நம் சிற்றூர்களில் பூட்டிய வீடுகள் பெருகிவருகின்றன. பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்கின்றனர். பெற்றோர் மூன்று மாதம் ஒரு பிள்ளையிடம், மூன்று மாதம் மற்றொரு பிள்ளையிடம் என்று மாறி மாறித் தங்குகின்றனர். மாடித் தொட்டியின் மிதவை பழுதானால், நீர் வழிந்து சுவருக்குள் இறங்குவதைக் கவனிப்பார் இல்லை. கண்காணிப்புக் கேமராவைப் பொருத்திவிட்டு, அயல்நாட்டிலிருந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்களும் உண்டு. கேமரா விரிசலைக் காட்டும், வடிகால் வெட்டாது.

முன்னாளில் கண்மாய் நிறைந்து, கலுங்கில் மறுகால் பாயும் இரவுகளில், நீர்ப்பாய்ச்சியோடு ஊராரும் முறைவைத்துக் கரையில் காவல் இருந்தனர். எலி வளை அளவு கசிவு கண்டால் குரல் கொடுப்பர். விடியுமுன் அது அடைபடும். அந்தக் காவலில் நின்றவன், கரை உடைந்தால் தன் வயல் மட்டும் அழியும் என்று எண்ணவில்லை. எல்லாருடைய இழப்பிலும் தனக்குப் பங்குண்டு என்று அறிந்திருந்தான். ஆகவே எல்லாருடைய காவலிலும் பங்கெடுத்தான்.

நம் திருச்சபையில் தமிழர் நாம் ஒரு குருவின் பொறுப்பிலுள்ள மக்கள் கூட்டத்தைப் ‘பங்கு’ என்றே அழைக்கிறோம். வேறு மொழியினர்க்கு எளிதில் வாய்க்காத சொல் இது. பிறர் இழப்பில் நமக்கொரு பாகம் உண்டு என்னும் பொருள் அச்சொல்லிலேயே இருக்கிறது. காப்பீட்டின் கணக்கும் அதுவே. வசதியுள்ளோர் வீட்டுக்கு ஒரு பாலிசி எடுக்கட்டும். அதன் நிபந்தனைகளை வீட்டார் எல்லாரும் ஒருமுறை படிக்கட்டும். அன்பியக் கூட்டங்களில், அடுத்த மழைக்கு முன் எந்தெந்த வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, எவர் வீட்டுச் சாவி எவரிடம் உள்ளது, எந்த முதியவர் வீட்டுச் சுவரில் விரிசல் உள்ளது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள அரைமணி நேரம் போதும். ஐப்பசி பிறப்பதற்குள் அதைச் செய்துவிட வேண்டும்.